முதல் மணிக்கு முன்னர்

எங்கள் கல்லூரியில் காலையில் மணி இரண்டு தரம் அடிக்கும். முதல் மணி கேட்டதும் வளவு கூட்டுகிறவர்கள் விளக்குமாற்றை வைத்துவிட்டு வரிசைக்கு வரவேண்டும். இரண்டாவது மணிக்குப் படலை சாத்தப்படும். பிந்தி வந்தவர்களின் பெயரை மாணவ தலைவி ஒரு கொப்பியில் எழுதுவாள். பெயர், வகுப்பு, வந்த நேரம் என்று மூன்று நிரல்கள். காரணத்துக்கு நிரல் இல்லை. இதை வாசிக்கும் உங்களிற் பலர் அந்தக் கொப்பியில் இடம்பெற்றிருப்பீர்கள்; சிலர் அதை எழுதியுமிருப்பீர்கள். நான் இரண்டும் செய்திருக்கிறேன்.

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுதத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். நான் எடுத்துக்கொண்டது வேலைக்கு நேரத்துக்குப் போவது என்ற சின்ன விடயம். இந்தப் படலைக்குள்ளிருந்து வெளிக்கிட்டவர்கள் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் எழுதுவினைஞர்களாகவும் போன இடமெல்லாம் இந்த மணியையும் கூடவே கொண்டு போனார்கள். ஆனால் எது 'நேரம்', எது 'பிந்தல்' என்பதை யார் தீர்மானித்தார்கள் என்று பார்த்தால், அது எங்கள் நாட்டில் ஒரு சரித்திரமாகவே விரிகிறது.

மணிக்கூடு வருவதற்கு முன்னர் எங்களுக்கு நேரமே தெரியாது என்று எண்ணவேண்டாம். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பஞ்சாங்கக் கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்கும். இரவைச் சாமமாகப் பிரித்தார்கள். தோட்டத்துக்கு இறைக்கப் போகிறவர்கள் விடிவெள்ளியைப் பார்த்து எழும்பினார்கள். துலா மிதிக்க வெயிலேற முதல் போகவேண்டும் என்பதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. முகூர்த்தம் தவறினால் தாலி கட்டுவது தவறிவிடும் என்று பயந்த சமூகம் நேரத்தை மதிக்காத சமூகமல்ல. நல்லூரில் கொடியேற்றம் காலை 10 மணி என்றால் 10 மணிதான். அரசாங்க அதிபர் வந்தாலும் வராவிட்டாலும் கொடி ஏறும். அதே ஊரில் பொதுக்கூட்டம் 4 மணி என்று அழைப்பிதழ் அடித்தால் 5 மணிக்குத்தான் சனம் வரும். 'தமிழருடைய நேரம்' என்று நாங்களே சிரித்துக்கொள்கிறோம். ஒரே சனம்தான் இரண்டு இடத்துக்கும் போகிறது. கோயிலில் பிந்தினால் இழப்பு தனக்கு. கூட்டத்தில் பிந்தினால் இழப்பு நேரத்துக்கு வந்தவர்களுக்கு. நேரத்துக்கு வந்தவர்கள் யார் என்பதும் எங்களுக்குத் தெரியும்: கதிரை அடுக்கவும் குத்துவிளக்குக்குத் திரி போடவும் வந்த பழைய மாணவிகள். ஒரு மணித்தியாலம் பிந்தி வந்த பிரதம விருந்தினருக்கு மாலை போட்டதும் அவர்கள்தான்.

யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம் 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. இளவரசர் வந்து போனதற்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணிக்கூடு. ஆனால் ஊரை உண்மையில் மணிக்கூட்டுக்குப் பழக்கியது ரயில். 1905இல் காங்கேசன்துறையையும் கொழும்பையும் ரயில் முழுமையாக இணைத்தது. அடுத்த ஆண்டே, 1906 ஜனவரியில், கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரம் இலங்கைக்குரிய நியம நேரமாக்கப்பட்டது. அதுவரை இருந்த நேரத்திலிருந்து பத்தரை நிமிடம் அளவில் முன்னே தள்ளப்பட்டது. பத்தரை நிமிடம் என்ன பெரிது என்று கேட்கலாம். சூரியனைப் பார்த்து வந்தவன் ரயிலைத் தவறவிட அது போதும்.

அந்த ரயிலில் ஏறிப் போனவர்கள் கொழும்புக் கந்தோர்களில் எழுதுவினைஞர் ஆனார்கள். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்' என்ற பழமொழி எங்கள் ஊரில் வழங்குவது. கோறணமேந்துக்குப் போவதற்குப் படிப்பு வேண்டும். படிப்போடு காலை நேரத்துக்குக் கையெழுத்து வைக்கும் பழக்கமும் வேண்டும். மிஷன் பள்ளிக்கூடங்களும் அவற்றைப் பார்த்து எழுந்த சைவப் பள்ளிக்கூடங்களும் மணியடித்துக் கற்பித்தது அதையும் சேர்த்துத்தான். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களிலும் அதே மணிதான். ஆனால் ஆண்பிள்ளைக்குக் காலையில் கோப்பி ஊற்றிக் கொடுக்க ஆள் இருந்தது. பெண்பிள்ளை கோப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எங்களிற் பலருக்கு முதல் நியமனம் மலையகத்தில் கிடைத்தது. அங்கே போனவர்கள் வேறொரு மணியைக் கண்டார்கள். விடியப்புறம் லயத்தில் தப்பு அடிக்கும். அதன்பின் பிரட்டு. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்டத்து வாயில் பிரட்டு ஆனது. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுச் செக்றோலில் பதிவார்கள். ஒரு நாள் சம்பளத்துக்கு அங்கே 'பேர்' என்றுதான் சொல். பிந்தி வந்தவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அன்றைய பேர் போய்விடும், இரக்கப்பட்டால் அரைப்பேர். தன் பெயரே பாதியாகிவிட்டது போன்ற சொல் அது. நாலு மணிக்கு எழும்பி, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறுகிறவளின் நாள் செக்றோலில் பிரட்டிலிருந்துதான் தொடங்கும். கவ்வாத்து வெட்டும் ஆண்கள் தங்கள் அளவை முடித்து மத்தியானம் கடந்ததும் இறங்கிவிடுவார்கள். கொழுந்து எடுக்கிற பெண் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மட்டும் மலையில் நிற்பாள். இப்படியிருந்தும் தேயிலைத் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றானது 1984இல்தான்.

நகரத்தில் வேலை செய்த பெண்களுக்குச் சட்டம் ஒரு வேலி போட்டது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வகுத்தது. பெண்களைக் காலை 6 மணிக்கு முன்னரோ மாலை 6 மணிக்குப் பின்னரோ வேலைக்கு வைத்திருக்கக்கூடாது என்பது அதன் பொதுவிதி. சில தொழில்களுக்கு விலக்கு உண்டு. நல்ல நோக்கத்தோடு செய்த சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் காலை 6 மணிக்கு முன்னர் வேலை செய்யாத பெண்ணை நான் என் சீவியத்தில் கண்டதில்லை.

அரசாங்கக் கந்தோர்களில் சிவப்புக் கோடு இருந்தது. வரவுப் பதிவேட்டில் குறித்த நேரம் கடந்ததும் பிரதம எழுதுவினைஞர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். அதற்குக் கீழே கையெழுத்து வைப்பவர் பிந்தியவர். நான் வேலை பார்த்த முதல் கந்தோரில் எங்கள் பகுதியில் ஐந்து பெண்கள். எல்லோரும் பஸ்ஸை நம்பி வருகிறவர்கள். அதில் ஒருவர் மூன்று பிள்ளைகளின் தாய். எங்கள் கல்லூரியில் எனக்கு நாலைந்து வருடம் மூத்தவர். வாரத்தில் இரண்டு நாளாவது அவருடைய கையெழுத்து கோட்டுக்குக் கீழே இருக்கும். வேலையில் அவர் புலி. மற்றவர்கள் பின்னேரம் வரை இழுக்கும் கோவைகளை மத்தியானத்துக்கு முதல் முடித்து மேசையில் வைப்பார். ஆண்டிறுதியில் அவருடைய லீவுக் கணக்கைக் கூட்டியவள் நான். சிவப்புக் கோட்டால் கழிந்த அரைநாள்களைக் கூட்டிப் பார்த்தபோது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எடுக்க அவருக்கு ஒரு நாள்கூட மிஞ்சவில்லை. கூட்டல் சரியாக இருந்தது. கீழே கையெழுத்தும் வைத்தேன். பள்ளிக்கூடத்துக் கொப்பியைப் போலவே அந்தப் பதிவேட்டிலும் காரணத்துக்கு நிரல் இருக்கவில்லை.

அதே பதிவேட்டில் இன்னொன்றும் உண்டு. கோடு இழுக்க முதல் கையெழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்ப் பத்திரிகை வாசித்து ஒன்பதரைக்குத் திரும்பியவர்களின் பெயர் கோட்டுக்கு மேலேயே இருந்தது.

1990இலிருந்து 1995 வரையான காலத்தைக் குடாநாட்டில் கழித்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வெளியில் இருந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில் 1990இல் நின்றது. மின்சாரம் இல்லை. பற்றரி தடைப்பொருள். சுவர் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பற்றரிக் கைக்கடிகாரம் கட்டியவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு அப்புவின் சாவி கொடுக்கும் கடிகாரத்தைத் தேடி எடுத்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். இரவுச் செய்தி தொடங்கும்போது சாவிக் கடிகாரத்தைச் சரிபார்த்து வைப்போம். தண்டவாளங்களைக் கழற்றிப் பதுங்குகுழிகளுக்குப் போட்டார்கள். மரத்தில் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டுதான் பல பள்ளிக்கூடங்களுக்கு மணி. யாழ்தேவி ஓடிய இரும்பில் முதலாம் பாடத்துக்கு அடித்தோம். அந்த ஆண்டுகளில் ஒருவரும் வேலைக்குப் பிந்தி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. குண்டுவீச்சு விமானம் வந்தால் வரமாட்டார்கள். வராவிட்டால் வந்தவர்கள் அவர்களுக்காக மனம் பதைத்துக்கொண்டிருப்பார்கள். 'பிந்தல்' என்ற சொல்லே வேறு அர்த்தம் கொண்டுவிட்டது. ஒருவர் பிந்தினால் கோபம் வராது, பயம்தான் வரும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இடப்பெயர்வு முடிந்து வலிகாமத்துக்குச் சனம் திரும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1996 மே 25ஆம் திகதி, அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்துவிட்டதால் பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்துவது நோக்கம். யுத்தகாலத்தில் மணிக்கூட்டை மாற்றுவது புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போதும் 1942இல் இரண்டு தரமாக ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, 1945இல் திருப்பி வைத்தார்கள். 1996இல் அக்டோபரிலேயே அரைமணித்தியாலம் திரும்பி வந்தது. மற்ற அரைமணித்தியாலம் பத்து வருடம் அப்படியே நின்றது.

'பழைய நேரமோ புதிய நேரமோ?' அந்தப் பத்து வருடமும் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு அலுவல் நடக்கவில்லை. பஞ்சாங்கம் பழைய நேரம், கந்தோர் புதிய நேரம். இராகுகாலத்துக்கு அரைமணி கூட்டிப் பார்க்கவேண்டும். தை, மாசியில் புதிய நேரப்படி 7 மணிக்குக் கிட்டத்தான் சூரியன் வரும். ஏழரை மணிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளும் ஆசிரியைகளும் இருட்டோடு வெளிக்கிட்டார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க வந்த நேரத்தில் எங்கள் குசினிகளில் காலையில் இன்னும் அரைமணி விளக்கெரிந்தது. மற்ற மாவட்டங்களில் அது ஒரு அசௌகரியம். யாழ்ப்பாணத்தில் அந்த இருட்டில் சோதனைச் சாவடிகள் இருந்தன. 1996 செப்ரெம்பரில் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிய ஒரு மாணவிக்குக் கைதடியில் நேர்ந்தது பகல் வெளிச்சத்தில். அதற்குப் பிறகு இருட்டில் சைக்கிளை எடுக்க எந்தத் தாய் மகளை விடுவாள்? தகப்பன்மாரும் தமையன்மாரும் கூட வந்தார்கள். அப்படி ஆளில்லாதவர்கள் ஒரு ஒழுங்கையில் நின்று நாலு பேர் சேர்ந்ததும் போனார்கள். நாலாவது ஆள் வரும் மட்டும் மூன்று பேரும் பிந்தினார்கள். அந்த நாள்களில் எங்கள் அதிபர் ஒருவர் சிவப்புக் கோடு இழுப்பதை நிறுத்தினார். கேட்டபோது சிவப்புப் பேனை முடிந்துவிட்டது என்றார். கடையில் சிவப்புப் பேனை இருந்தது.

வன்னியில் மணிக்கூட்டை மாற்றவில்லை. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. ஆகவே ஒரு சின்னத் தீவில் ஒரே தீர்க்கரேகையில் இரண்டு நேரம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வேலை செய்த அரசாங்க ஊழியர்களுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. நேரம் அங்கிருந்து வரவில்லை. கொழும்பில் எட்டரைக்குத் தொடங்கும் பரீட்சை வன்னி மணிக்கூட்டில் எட்டு மணி. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர்கள் முகமாலையில் கடிகாரத்தை அரைமணி பின்னே வைத்து, ஓமந்தையில் அரைமணி முன்னே வைத்தார்கள். அரைமணி இலாபம், பிறகு அரைமணி நட்டம். நான் மாற்றுவதில்லை, மனதுக்குள் கூட்டிக் கழிப்பேன். பக்கத்தில் இருந்தவர் என்ன நேரம் என்று கேட்டால், 'உங்களுக்கு எந்தப் பக்கம்?' என்று திருப்பிக் கேட்கவேண்டியிருந்தது. அந்தக் கேள்வியில் ஒரு அரசியல் இருந்ததால் மெதுவாகத்தான் கேட்போம்.

2006 ஏப்பிரல் 15ஆம் திகதி அரசாங்கம் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்ற பெற்றோரின் முறைப்பாடு சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தீவு முழுவதும் மறுபடி ஒரே நேரம். நாலு மாதம் கழித்து, ஆகஸ்டில், ஏ9 பாதை மூடப்பட்டது. இரண்டு பக்க மணிக்கூடுகளும் ஒரே நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் எத்தனை மணி என்று கேட்க ஒருவரும் போய் வரவில்லை.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நேரம் தவறாமை என்பதே மேலிடத்து ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்த எங்கள் தாதியரைக் கேளுங்கள். காலை 7 மணிக்கு ஒருவர் பொறுப்பெடுத்தால் பிற்பகல் 1 மணிக்கு மற்றவர், மாலை 7 மணிக்கு இரவு வேலைக்காரர். அடுத்தவர் வந்து வாட்டைப் பொறுப்பேற்காமல் இருப்பவர் போகமுடியாது. அங்கே பிந்தினால் சிவப்புக் கோடு காத்திருப்பதில்லை, ஒரு பெண் காத்திருப்பாள். இரவு பன்னிரண்டு மணித்தியாலம் நின்று கால் வீங்கியவள், வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டியவள். என் வகுப்புத் தோழி ஒருத்தி முப்பது வருடத் தாதிச் சேவையில் ஒருநாளும் பத்து நிமிடம் முந்தாமல் போனதில்லை. கல்லூரி மணிதான் பழக்கியதா என்று கேட்டேன். 'இல்லையடி, நான் பிந்தின ஒருநாள் அந்த அக்காவின்ரை முகத்தைப் பார்த்தனான்' என்றாள்.

இப்போது கைவிரல் வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. கொரோனாக் காலத்தில் தொற்றுக்குப் பயந்து கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள். தேத்தண்ணிக் கடைக்குப் போகிறவர்களை அது பிடிப்பதில்லை என்பதில் பதிவேட்டுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் கூட்டித் துடைக்கும் பெண்ணின் விரலை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. சவர்க்காரமும் பாத்திரமும் தேய்த்து ரேகை அழிந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னே வந்து கதவு திறப்பவள் அவள்தான். அவளுக்காக மேசை லாச்சிக்குள் ஒரு பழைய பதிவேடு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டங்கள் சூம் வழியாக நடப்பதை வெளிநாட்டிலிருப்பவர்கள் அறிவீர்கள். யாழ்ப்பாணத்தில் மாலை ஏழரை. கோடைகாலத்தில் அப்போது இலண்டனில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி, சிட்னியில் நள்ளிரவு 12 மணி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த நாடுகளில் மணிக்கூட்டை மாற்றும்போது எல்லோரும் குழம்பி, இரண்டு கூட்டத்துக்கு யாராவது ஒரு மணித்தியாலம் முந்தி வந்து தனியே இருப்பார்கள். சென்ற தடவை நேரத்தை மாற்றலாமா என்று பேச்செடுத்தோம். யாழ்ப்பாணத்துக்கு வசதியென்றால் சிட்னிக்கு நித்திரை இல்லை; சிட்னிக்கு வசதியென்றால் ரொறன்ரோவில் ஒருத்தி வேலைக்கு வெளிக்கிட முன்னம் நாலு மணிக்கு எழும்பவேண்டும். அரைமணி பேசினோம். கடைசியில் சிட்னியிலிருந்து ஒரு குரல்: 'நான் எப்படியும் முழிச்சிருப்பன், விடிய வேலைக்குச் சமைச்சு வைக்கவேணும். நீங்கள் இதே நேரத்தை வையுங்கோ.' கூட்ட அறிக்கையில் அவரை 'வந்திருந்தோர்' பட்டியலில் எழுதினேன். பக்கத்தில் இம்முறை ஒரு நிரல் கூடப் போட்டு அதையும் எழுதினேன்.